ஊசல் சோர்ந்தால் மின்சாரத்தைக் கூட்டாதீர்கள்

வாசகர் கேள்வி: சரிசெய்யப்பட்ட பழைய 'புல்' (Bulle) கடிகாரம் ஒன்று வாங்கினேன், பேட்டரியில் ஓடும் ஊசல் கடிகாரம். விற்றவர் வீட்டில் நன்றாக ஓடியது. என் அலமாரியில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊசல் சோர்ந்து நின்றுவிடுகிறது. புது பேட்டரி போட்டும் அதே கதை. 3 வோல்ட் அடாப்டர் போடலாமா?

அடாப்டர் வேண்டாம். கோளாறு மின்சாரம் குறைவதில் இல்லை என்றே நினைக்கிறேன். அங்கே ஓடியது இங்கே நிற்கிறது என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

சாவி கொடுக்கும் கடிகாரத்தில் சுருள்வில் பல்சக்கரங்களைத் தள்ளும், சக்கரங்கள் ஊசலைத் தள்ளும். உங்களுடையதில் எல்லாம் தலைகீழ். ஊசல்தான் மோட்டார், சக்கரங்கள் அதன் பின்னால் வருகின்றன. 1840-களில் ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் அலெக்சாண்டர் பெயின் செய்த மின் கடிகாரங்களிலும் இதே யோசனைதான். அவர் துத்தநாகத் தகட்டையும் செப்புத் தகட்டையும் மண்ணில் புதைத்து அதிலிருந்தே மின்சாரம் எடுத்தார். 1920-களில் பிரான்சில் வந்த புல் கடிகாரத்துக்கு ஒரே ஒரு 1.5 வோல்ட் செல் போதும்.

ஊசலின் அடியில் தொங்குவது குண்டு அல்ல, செப்புக் கம்பி சுற்றிய 'காயில்' (coil), அதாவது கம்பிச்சுருள். அதன் நடுவே துளை. வளைந்த காந்தக் கம்பி ஒன்று அந்தத் துளை வழியாகப் போகிறது. காயில் காந்தத்தைத் தொடாமல் அதன்மீது முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கடிகாரம் கொஞ்சம் முன்சாய்ந்திருந்தாலும் காயில் காந்தத்தில் உரசும். உரசல் சத்தம் காதில் விழாது, ஊசல் மட்டும் மெல்ல மெல்லச் சோரும்.

அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஊசல் அசையாமல் தொங்கும்போது, கண்ணைக் காயில் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். காந்தத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடியில் மடித்த அட்டைத் துண்டு வைத்துச் சரிசெய்யுங்கள். திருகுக் கால்கள் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் அலமாரியையும் சந்தேகப்படுங்கள். ஊசலோடு அலமாரியும் ஆடினால் அது விழுங்கும் சக்தி ஊசலுக்குக் கிடைக்காது. கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வையுங்கள். தண்ணீரில் தெரியும் விளக்கின் பிம்பம் ஊசலோடு சேர்ந்து நடுங்கினால் வேறு இடம் தேடுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் நிற்கிறதா? அப்படியானால் மின்தொடர்பைப் பாருங்கள். ஊசல் தண்டில் ஒரு சிறு வெள்ளி ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு கவட்டைக்குள் போய்வரும். கவட்டையின் ஒரு பக்கம்தான் மின்சாரத்தைக் கடத்தும், மறுபக்கம் கடத்தாது. அதனால் ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் ஒரு முழு வீச்சுக்கு ஒரே ஒரு தள்ளுதான். வெள்ளி கறுத்துவிட்டால் அந்த ஒன்றும் கிடைக்காது. ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டித் தாள் கீற்றை ஊசியின் மேல் இரண்டு மூன்று முறை இழுத்தாலே போதும், தாளில் கறுப்புக் கோடு விழும். உப்புத்தாள் போடாதீர்கள். எண்ணெயும் கூடாது, அது மின்சாரத்தைத் தடுக்கும் படலமாகப் படிந்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களால்தான் என் மேசைக்குப் பாதிக் கடிகாரங்கள் வருகின்றன.

மல்டிமீட்டர் இருந்தால் மில்லி ஆம்பியரில் வைத்து பேட்டரியோடு தொடராக இணையுங்கள். ஒவ்வொரு முழு வீச்சுக்கும் ஒருமுறை எண் துள்ள வேண்டும். துள்ளவே இல்லையென்றால் தொடர்போ காயிலோ அறுந்திருக்கிறது. துள்ளியும் வீச்சு பலவீனமாக இருந்தால் முதலில் பேட்டரியின் முனைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். முனை மாறினால் தள்ளவேண்டிய மின்சாரமே பிரேக் போடும். அதுவும் இல்லையென்றால் காந்தம் சக்தி இழந்திருக்கலாம். அதை மறுபடி காந்தமேற்றுவது பட்டறை வேலை, வீட்டில் முயலாதீர்கள்.

3 வோல்ட் கொடுத்தால் ஊசல் பலமாக ஆடத்தான் செய்யும், ஆனால் வீச்சு மாறும், அதோடு நேரமும் மாறும். தொடர்பில் பொறி கூடி வெள்ளி சீக்கிரம் தேயும்.

சரி, ஓட ஆரம்பித்த பிறகு நேரம். கடிகாரம் பிந்தினால் காயிலை உயர்த்தவும், முந்தினால் தாழ்த்தவும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அரை விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் சுமார் 25 செ.மீ. அதில் 1 மி.மீ. மாற்றினாலே நாளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் வித்தியாசம் வரும். ஆகவே காயிலை ஏற்றி இறக்கும் திருகைக் கால்வாசிச் சுற்று மட்டும் திருப்பிவிட்டு ஒரு முழு நாள் காத்திருங்கள். தண்டு எஃகாக இருந்தால் வெப்பம் 10 டிகிரி ஏறும்போது நாளுக்கு 5 விநாடி போலப் பிந்தும். வெப்பத்தில் மிகக் குறைவாகவே நீளும் இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவையாக இருந்தால் அது அரை விநாடி அளவுக்குக் குறைந்துவிடும். அந்தக் கலவையைக் கண்டுபிடித்த கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. எந்தத் தண்டானாலும் வெயில் நேராக விழும் இடத்தில் வைக்காதீர்கள்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தாலும் பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கசிந்த பேட்டரி அரித்த பித்தளையை எந்தப் பாலிஷாலும் மீட்க முடியாது.