ஓரம் அலைந்த குயில்ட்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எட்டு வருடமாகக் குயில்ட் தைக்கிறேன், நடுவில் பஞ்சு வைத்து மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. முதலில் கட்டிலுக்குத் தைத்தேன், அப்புறம் சுவரில் மாட்ட. இப்போது சுவர்க் குயில்ட் மட்டும்தான். மழைக்கு முன்னால் வானம் ஒரு நிமிடம் பச்சையாகத் தெரியுமே, அதை வைத்துப் போன வருடம் ஒன்று செய்தேன். நானே சாயம் போட்ட பருத்தித் துணி, நடுவில் மிக நெருக்கமாக மெஷின் தையல். மூன்று கண்காட்சிகளுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு இடத்தில் படத்தைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நாலு வரி அச்சடித்த பதில். மூன்றாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். பரிசு கிடைக்கவில்லை, நடுவர் குறிப்பு மட்டும் வந்தது: "வண்ணம் நன்று. ஓரங்கள் அலைகின்றன. மூலைகள் சதுரமாக இல்லை."

மூன்று மாத உழைப்புக்கு "வண்ணம் நன்று"தானா? போட்டிக்கென்று நடுவருக்குப் பிடிக்கிற மாதிரி தனியாகச் செய்ய வேண்டுமா? இல்லை, இதெல்லாம் வேண்டாம் என்று எனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டு வீட்டில் இருந்துவிடலாமா? "போர்வைக்கு எதுக்குப் போட்டி" என்று அண்ணன் வேறு சிரிக்கிறான்.

ச.

அன்புள்ள ச.,

முதலில் அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் என்ற அமெரிக்க வணிக நிறுவனம் ஒரு குயில்ட் போட்டி வைத்தது. வந்து குவிந்தவை 24,000-க்கும் மேல். 'முன்னேற்றத்தின் நூற்றாண்டு' என்பதுதான் அந்தக் கண்காட்சியின் தலைப்பு. அதை நம்பி ரயில், விமானம், உயர்ந்த கட்டடம் என்று புதிதாக வரைந்து தைத்தவர்களில் பெரும்பாலோரை நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை, முதல் பரிசு பழைய பாணி நட்சத்திர வடிவத்துக்குப் போனது. இதைவிடப் பெரிய வேடிக்கை பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. பரிசு வாங்கிய பெண்மணி அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை, கூலி கொடுத்து மற்ற பெண்களைத் தைக்க வைத்திருந்தார். ஆகவே போர்வைக்குப் போட்டி உண்டு, போட்டியில் அரசியலும் உண்டு, நடுவர் தீர்ப்பைப் பார்த்து வயிறெரிவதும் நம்மோடு தொடங்கியது இல்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் விஷயம். நீங்கள் ஒரே குயில்டை இரண்டு வேறு சபைகளில் ஏற்றிவிட்டு, இரண்டும் சொன்னதை ஒரே தீர்ப்பாகப் படிக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

குயில்ட் கண்காட்சி என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு வழக்கம் ஓடுகிறது. ஒன்று கைவேலைப் போட்டியின் வழி வந்தது. அங்கே நடுவர் மேஜையில் குயில்டை விரித்து, கையுறை போட்ட உதவியாளர் தூக்கிக் காட்ட, விளிம்புப் பட்டிக்குள் பஞ்சு நிறைந்திருக்கிறதா, மேல்நூலும் கீழே பாபினிலிருந்து வரும் நூலும் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா, பின்பக்கம் முடிச்சு தெரிகிறதா என்று பார்ப்பார். இன்னொன்று ஓவியக் கூடத்தின் வழி வந்தது. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குயில்ட்களை ஓவியம் போலச் சுவரில் மாட்டியது. படுக்கையிலேயே பார்த்துப் பழகிய ஒன்றைத் தள்ளி நின்று பார்க்கலாம் என்று அப்போதுதான் நிறையப் பேருக்கு உறைத்தது. அப்படியும் சுவருக்கென்றே புதிதாகச் செய்தவர்களைக் கைவேலைப் போட்டிகள் சேர்க்கத் தயங்கின. நான்சி குரோ என்ற குயில்ட் கலைஞரும் சில தோழிகளும் சலித்துப்போய், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து ஏதென்ஸ் ஊரில், இடிபடாமல் தப்பிய ஒரு பால் பண்ணைத் தொழுவத்தில் 1979-இல் தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதுதான் 'குயில்ட் நேஷனல்', இன்றும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. தொழுவத்தில் தொடங்கியது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு தனி சந்தோஷம்.

இந்த இரண்டாவது வகையில்தான் உங்களுக்கு 'வேண்டாம்' வந்திருக்கிறது. அங்கே தேர்வுக் குழு உங்கள் குயில்டைப் பார்க்கவே இல்லை, திரையில் இரண்டு படத்தைப் பார்த்தது. முழுப் படம் ஒன்று, கிட்டப் படம் ஒன்று, பெரும்பாலும் பெயர்கூடத் தெரியாது. நூற்றுக்கணக்கில் படங்கள் ஓடுகிற இடத்தில் முதல் சுற்றில் ஒன்றுக்குக் கிடைப்பது சில நொடி. அதிலும் அவர்கள் ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டு மேலிருந்து எடுப்பது மட்டும் இல்லை, ஒரு அறையில் சேர்ந்து நிற்கக்கூடியவற்றைத் தேடுகிறார்கள். இரண்டு வானம் வந்தால் ஒன்று போய்விடும், சுவர் இடம் இவ்வளவுதான் என்றால் பெரியது போய்விடும். ஒரு இடத்தில் தள்ளியது அடுத்த இடத்தில் பரிசு வாங்கியதை எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது.

அதனால் அந்த நாலு வரி பதிலில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, தூக்கிப் போடுங்கள். உங்களுக்குக் கோபம் வரவழைத்த அந்தக் குறிப்பில்தான் விஷயம் இருக்கிறது. அந்த நடுவர் மட்டும்தானே உங்கள் வேலையைக் கிட்டத்தில் பார்த்தார்.

ஓரம் ஏன் அலைந்தது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "நடுவில் மிக நெருக்கமாக". போடுகிற ஒவ்வொரு தையலும் துணியை இம்மியளவு உள்ளே இழுக்கும். கால் அங்குல இடைவெளியில் வரி வரியாக அடித்தால் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கிக்கொண்டே வரும். ஓரத்தில் தையல் குறைவு, அது தன் பழைய அளவிலேயே நிற்கும். சின்னதாகிப்போன நடுவைச் சுற்றிப் பெரிய ஓரம் என்றால் அந்த மிச்சத் துணி எங்கே போகும்? அலையாகத்தான் எழும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து அடிக்கிற வேலையில் இது எல்லோருக்கும் நடப்பது. ஒன்று, ஓரத்திலும் கிட்டத்தட்ட அதே நெருக்கத்தில் அடியுங்கள். இல்லையென்றால் தைத்து முடித்து, விளிம்புப் பட்டி வைப்பதற்கு முன்னால் நனைத்து, தட்டையான இடத்தில் விரித்து, ஊசி குத்தி இழுத்துக் காயவிடுங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வருகிற வரை இழுத்து இழுத்து மாற்றிக் குத்த வேண்டும், பொறுமை போகும். நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்கேல் வைத்து வெட்டினால் மூலை தானாகச் சதுரமாகும். ஆனால் உங்களுடையது வீட்டில் போட்ட சாயம். நனைப்பதற்கு முன் ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்துப் பாருங்கள். கறை பிடித்தால் நனைக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள், நீராவியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"நான் வேண்டுமென்றேதான் அலைய விட்டேன், வானம் நேராகவா இருக்கும்" என்று நீங்கள் கேட்கலாம், நானும் ஒரு காலத்தில் கேட்டேன். சரி, அப்படியென்றால் அரை அங்குலம் அலைந்தால் போதாது. அரை அங்குலம் அலைந்தால் கை தவறியது போல இருக்கும், ஒரு சாண் அலைந்தால் யோசித்துச் செய்தது என்று யாருக்கும் தெரியும். துணி விளிம்பை மடிக்காமல் பிசிறாக விடுவதும் இப்படித்தான். ஒரு இடத்தில் மட்டும் பிரிந்தால் அது பிரிந்துவிட்டது, எல்லா இடத்திலும் பிரிந்தால் நீங்கள் பிரித்தீர்கள்.

நடுவருக்குப் பிடிக்கிற மாதிரி செய்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த நடுவர்? ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். போன முறை பரிசு வாங்கியதைப் பார்த்து இந்த முறை தைக்கிறவர்கள் நிறைய. குழுவுக்கு அந்த மாதிரி இருபது வரும், அடுத்தடுத்துப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். குயில்டை உங்களுக்காகச் செய்யுங்கள், விண்ணப்பத்தை அவர்களுக்காகச் செய்யுங்கள். விண்ணப்பம் தனி வேலை. அதை மூன்று மாத உழைப்பின் கடைசி அரைமணி நேரத்தில் செய்துவிடுகிறோம். நான் முதன்முதலில் அனுப்பிய படத்தில் குயில்டின் கீழே இரண்டு கால் கட்டைவிரல்கள் தெரிந்தன, பிடித்துக்கொண்டு நின்றவருடையவை. தள்ளிவிட்டார்களே என்று ஒரு வாரம் அழுதேன். ஒரு வருடம் கழித்து அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் விரலைக் கவனித்தேன்.

படத்துக்கு வேண்டியது ரொம்பக் கம்மி: வெறும் சுவர், நாலு ஓரமும் தெரிய வேண்டும், கேமரா குயில்டின் நடு உயரத்தில் நேராக, கொஞ்சம் தள்ளி. கிட்ட நின்று அண்ணாந்து எடுத்தால் சதுரமும் சரிவகமாகிவிடும். ஆனால் முக்கியம் வெளிச்சம். நேர் எதிரே ஃப்ளாஷ் அடித்தால் நீங்கள் போட்ட அத்தனை தையலும் மறைந்து, அச்சடித்த துணி போலத் தெரியும். சாயங்கால வெயில் சுவரைத் தடவிக்கொண்டு போவது மாதிரி விளக்கை ஒரு பக்கத்திலிருந்து சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு தையல் பள்ளத்திலும் நிழல் விழும், பஞ்சு மேடு எழுந்து நிற்கும். கிட்டப் படத்துக்கு உள்ளங்கை அகல இடம் போதும், நூல் எண்ணிப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும். முழுப் படத்தையே கொஞ்சம் பெரிதாக்கி அனுப்புகிறார்கள், அது வீண்.

விதிமுறையை இரண்டு தடவை படியுங்கள். செய்து முடித்த வருடம், அளவு, ஏற்கெனவே எங்காவது காட்டியதா, வகுப்பில் ஆசிரியர் மேற்பார்வையில் செய்ததா என்றெல்லாம் கேட்பார்கள். இன்னொருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துத் தைத்திருந்தால் எழுத்தில் அனுமதி வேண்டும், இணையத்தில் கிடந்தது என்பதெல்லாம் செல்லாது. தேர்வானால் பின்னால் மேல் ஓரத்தில் கம்பி நுழைகிற துணிக் குழாய் தைக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் நாலு அங்குல அகலம். மடித்து அனுப்பாதீர்கள், மடிப்புக் கோடு அங்கே போய் மாட்டிய பிறகும் போகாது. முன்பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு குழாயில் சுற்றுங்கள், சுருக்கம் விழுந்தாலும் அடித்துணியில் விழும்.

அப்புறம், விண்ணப்பத்தோடு படைப்பைப் பற்றி எழுதித் தருகிற அந்தக் 'கலைஞர் குறிப்பு'. நீங்கள் இணைத்திருந்ததைப் படித்தேன். "இயற்கைக்கும் மனித மனத்துக்கும் இடையிலான உறவை இப்படைப்பு ஆராய்கிறது." ஐயோ. அந்தக் குயில்ட் எதையும் ஆராயவில்லை. எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், மழைக்கு முன்னால் வானம் ஒரு நிமிடம் பச்சையாகத் தெரியும் என்று. அதை அப்படியே போடுங்கள். அதைப் படித்த பிறகுதான் உங்கள் படத்தில் வலது மூலையில் இருக்கும் பச்சையை நான் போய்த் தேடினேன். ஃப்ளாஷில் அது சாம்பலாகத் தெரிகிறது. வெளிச்சத்தைச் சாய்த்து வைத்து இன்னொரு படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள், அந்தப் பச்சையைப் பார்க்க வேண்டும்.