புயல் வந்தால் சந்தோஷப்படுவீர்களா? மழை ஆராய்ச்சி பற்றிச் சில கேள்விகள்

வணக்கம். 18 வருஷமாக மழையோடுதான் பிழைப்பு. இயற்பியலில் எம்.எஸ்சி., அப்புறம் வங்கக்கடல் புயல்கள் பற்றி பிஎச்.டி., இப்போது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அதி கனமழை பற்றிய வேலை. சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. டிவியில் வந்து ரெட் அலர்ட் சொல்பவள் நான் இல்லை. முன்னறிவிப்பு சொல்வது ஒரு வேலை, ஏன் அப்படிப் பெய்தது என்று வருஷக்கணக்கில் தோண்டுவது இன்னொரு வேலை. நான் இரண்டாவது ரகம். கேள்விகள் வந்த வரிசையிலேயே போகிறேன்.

பிளஸ் டூ மாணவி, திருநெல்வேலி: அக்கா, 2023 டிசம்பர்ல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. அப்பலேருந்து இதைத்தான் படிக்கணும்னு இருக்கேன். என்ன கோர்ஸ் சேரணும்?

பி.எஸ்சி. வானிலையியல் எங்கே இருக்கிறது என்று தேடி அலையாதே. பக்கத்துக் கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ எடு, போதும். மூன்று விஷயங்களைப் பரீட்சைக்காக இல்லாமல் நிஜமாகவே படி: வகைக்கெழுச் சமன்பாடுகள், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல். காற்று ஒரு பாய்மம், ஈரம் அதற்குள் வெப்பத்தை ஏற்றி இறக்குகிறது. வானிலையின் அடிப்படை இவ்வளவுதான்.

முதுகலைக்கு வரும்போதுதான் ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருக்கும். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம், டெல்லி ஐ.ஐ.டி.யின் வளிமண்டல அறிவியல் மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் எல்லாம் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட இடங்கள். பிஎச்.டி.க்கு புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தையும் பார். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டலம், பெருங்கடல், கோள் அறிவியல் என்று தனித்தாளே இருக்கிறது. கேட் (GATE) தேர்வும் எழுதலாம்.

எனக்கு இளங்கலையில் வானிலை பற்றி ஒரு பாடம்கூடக் கிடையாது. வளிமண்டலத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் உயரவாரியாகக் காட்டும் தெஃபிகிராம் என்ற வரைபடத்தை முதல் தடவை பார்த்தபோது, யாரோ சிக்குக் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனது போல் இருந்தது. பழகிவிடும்.

தந்தை, சேலம்: மகன் பிடிவாதமாக இருக்கிறான். இதில் சோறு கிடைக்குமா மேடம்?

கிடைக்கும் சார், தாமதமாகக் கிடைக்கும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். இரண்டு வருஷம் கழித்து 42,000. பிஎச்.டி. முடிக்க ஐந்தாறு வருஷம் ஆகும், பிறகு இரண்டு மூன்று வருஷம் எங்காவது தற்காலிக ஆராய்ச்சிப் பணி. மத்திய அரசு விஞ்ஞானி வேலையில் நுழைந்தால் அடிப்படைச் சம்பளமே 56,100இல் தொடங்கும். ஆனால் அந்த இடங்கள் குறைவு, அறிவிப்பும் வருஷா வருஷம் வராது. இப்போது காப்பீடு, காற்றாலை, சூரியமின் நிறுவனங்களும் வானிலை தெரிந்தவர்களைத் தேடுகின்றன. கூடப் படித்த பையன் ஐ.டி.யில் கார் வாங்கும்போது உங்கள் பையன் ஹாஸ்டலில் இருப்பான். அதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

ஆவடி வாசி: ரெட் அலர்ட் என்கிறீர்கள், வெயில் அடிக்கிறது. ஒன்றும் சொல்லாத நாளில் முழங்கால் தண்ணீர். 2021 டிசம்பர் 30ஐ மறக்கவில்லை.

நானும் மறக்கவில்லை. மயிலாப்பூர், எம்.ஆர்.சி. நகர் பக்கம் சில மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அன்று காலையில் யாரும் அதைச் சொல்லவில்லை. உங்கள் கோபம் நியாயமானது.

காரணத்தைச் சொல்கிறேன், சாக்கு என்று நினைத்தாலும் சரி. கணினி மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. பல வருஷம் நம் நாட்டு உலக மாடலில் ஒரு கட்டம் 12 கி.மீ. 2025இல் வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கி.மீ. ஒரு இடிமழை மேகத்தின் குறுக்களவே சில கி.மீ.தான், ஆயுள் ஒரு மணி நேரத்தை ஒட்டி. மாடலின் கண்ணில் அது ஒரு தூசி. ரேடார் பார்க்கும்தான். சென்னைத் துறைமுகப் பக்கம் 2002லிருந்தே டாப்ளர் ரேடார் இருக்கிறது. ஆனால் துளி உருவான பிறகுதானே ரேடாருக்குத் தெரியும்? அதை வைத்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சொல்லலாம், முந்தின நாள் சொல்ல முடியாது.

இன்னொன்று, தொடக்கத் தகவலே குறைவு. மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் தினமும் பலூன் விட்டு மேல்காற்றை அளக்கிறார்கள். மழை வருவது கடலிலிருந்து. அங்கே பலூன் விட யாரும் இல்லை, செயற்கைக்கோளை நம்பித்தான் பிழைப்பு. தொடக்கத்தில் உள்ள சின்னப் பிழை நாளாக நாளாகப் பெருகிவிடும். அதனால் ஒரே மாடலைத் தொடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டி, எத்தனை தடவை மழை வருகிறது என்று எண்ணுகிறோம். 70 சதவீத வாய்ப்பு என்று சொன்னால், அப்படிச் சொன்ன 10 நாட்களில் 3 நாள் வெயில் அடிக்கத்தான் வேண்டும். பத்து நாளும் பெய்துவிட்டால் எங்கள் கணக்கில் கோளாறு.

அலர்ட் மாவட்டத்துக்குத் தருவது என்பதையும் கவனியுங்கள். பழவேற்காட்டில் கொட்டித் தீர்த்தால் திருவள்ளூர் மாவட்ட அறிவிப்பு சரி. ஆவடியில் துணி காயப்போட்டவருக்கு அது பொய்.

காயல்பட்டினத்துக்காரர்: 2023 டிசம்பரில் எங்கள் ஊரில் மட்டும் ஏன் 95 செ.மீ. மழை? ஏதோ மேகவெடிப்பு என்கிறார்களே?

மேகவெடிப்பு இல்லை. மணிக்கு 10 செ.மீ. என்ற வேகத்தில் ஒரு சின்ன இடத்தில் கொட்டினால்தான் அந்தப் பெயர். உங்கள் ஊரில் நடந்தது வேறு, ஒரு விதத்தில் அதைவிட மோசம். மழை நிற்கவே இல்லை.

2023 டிசம்பர் 17, 18இல் பெயர் வைத்த புயல் எதுவும் கிடையாது, தாழ்வு மண்டலம்கூடக் கிடையாது. குமரிக்கடலை ஒட்டி ஒரு மேலடுக்கு சுழற்சி, அதாவது தரைக்கு மேலே காற்று சுற்றிச் சுழல்வது, அதுவும் நகராமல். அதன் வடக்குப் பக்கமாகக் கிழக்குக் காற்று கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் மோதிக்கொண்டே இருந்தது. ஒரு மேகம் பெய்து ஓய்வதற்குள் அதே பாதையில் அடுத்தது வரும். லெவல் கிராசிங்கில் கூட்ஸ் வண்டி போவதைப் பார்த்திருப்பீர்கள், முடியவே முடியாது. அந்த மாதிரி. 24 மணி நேரத்தில் 946 மி.மீ. தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு வருஷ சராசரியே சுமார் 65 செ.மீ.தான்.

ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் அன்று விழுந்தது 2 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி என்றால் சுமார் 18 லாரித் தண்ணீரை ஒரே நாளில் ஒரே வீட்டு வாசலில் கொட்டியதற்குச் சமம்.

தென்மாவட்டங்களுக்கு மிகக் கனமான மழை வரும் என்பது முன்பே தெரிந்தது. எந்த ஊரில், எவ்வளவு என்பது தெரியவில்லை. 20.4 செ.மீ.க்கு மேல் போனால் எல்லாமே ‘அதி கனமழை’ என்ற ஒரே பெட்டிதான். 21ம் அதில்தான், 95ம் அதில்தான். சுழற்சி ஏன் அங்கேயே நின்றது என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருந்தால் எனக்கு வேலையே இருக்காது.

கட்டடப் பொறியாளர், மதுரை: ‘100 வருஷத்துக்கு ஒருமுறை’ வரும் மழை எப்படி அடிக்கடி வருகிறது?

அந்தச் சொல்லே ஏமாற்றுக்காரச் சொல். ஒருமுறை வந்தால் அடுத்த 99 வருஷம் லீவு என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவே. 30 வருஷம் நிற்க வேண்டிய பாலம் அதை ஒரு தடவையாவது பார்க்க 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. இதுவே ஒரு ஊருக்கான கணக்கு. தமிழ்நாட்டில் எத்தனை ஊர் இருக்கிறது? எங்காவது ஒரு மூலையில் வந்துகொண்டேதான் இருக்கும்.

உண்மையான தலைவலி வேறு. 100 வருஷ மழையைக் கணக்கிடக் கையில் பல இடங்களில் 40, 50 வருஷப் பதிவுதான் உண்டு. நீளமான பதிவு உள்ள சென்னை மாதிரி இடங்கள் கொஞ்சம். அபூர்வமான ஒன்றை ஆராய்கிறோம், அபூர்வம் என்பதாலேயே உதாரணங்கள் கிடைப்பதில்லை. என் ஆராய்ச்சியில் பாதிக்கு மேல் இந்தப் பஞ்சத்தைச் சமாளிப்பதுதான். பழைய பதிவேடுகளை உட்கார்ந்து சரிபார்ப்பது, புள்ளி தவறி 12.5 என்பது 125 ஆனதைக் கண்டுபிடிப்பது. ஒரு நிலையத்தில் பெருமழை நாளன்று மழைமானியே முழுகிப்போய், பதிவேட்டில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நாள்.

கல்லூரி மாணவர், கோவை: எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றம்தானே காரணம்?

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் பலமாகப் பெய்ய வழி கூடுகிறது. இதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட மழையைக் காட்டி ‘இது அதனால்தான்’ என்று சொல்லக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்ததே, அந்தச் சென்னை மழையை ஒரு சர்வதேசக் குழு அப்படி ஆராய்ந்தது. புவி வெப்பமடைதலின் கை அதில் தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு வந்தது. வேறு பல மழைகளில், வெப்ப அலைகளில் கை நன்றாகவே தெரிகிறது. முடிவை முதலில் எழுதிவிட்டு ஆதாரம் தேடுகிறவருக்கு இந்தத் துறை ஒத்துவராது.

மீனவர் மகன், கன்னியாகுமரி மாவட்டம்: ஒக்கி புயலில் மாமாவை இழந்தோம். கடல் தெரிந்தவனுக்கு இந்தப் படிப்பில் இடம் உண்டா?

உண்டு தம்பி. 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம், 30ஆம் தேதி புயல். கரைக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சீக்கிரம். ஆழ்கடலுக்குப் போனவர்கள் பல நாளுக்கு முன்பே போய்விட்டார்கள், செல்போன் எட்டாத தூரம். அதனால் இங்கே கேள்வி எப்போது தெரிந்தது என்பதோடு நிற்கவில்லை, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும்தான்.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 சூப்பர் புயலில் 10,000 பேரை ஒட்டி இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், இறப்பு சில பத்துகளில் நின்றது. கணிப்பு முன்னேறியது ஒரு காரணம். செய்தி வீட்டு வாசல் வரை போனது இன்னொரு காரணம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவர் எங்கள் அறையில் இருந்தால், எச்சரிக்கையை எழுதும் விதமே மாறும். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய், தஞ்சாவூர்: பெண் பிள்ளைக்கு ராத்திரி ஷிஃப்ட், வெளியூர் எல்லாம் சரிப்படுமா?

அம்மா, அன்னா மணி என்று ஒருவர் இருந்தார். 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். இயற்பியல் படிக்கத்தான் லண்டன் போனார், கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. திரும்பி வந்து 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். நம் நாட்டுக் கருவிகளை நாமே செய்யத் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. அந்தக் காலத்திலேயே சரிப்பட்டது. ஆராய்ச்சியில் ராத்திரி ஷிஃப்ட் கிடையாது. மாடல் ஓடி முடிக்காமல் தூக்கம் வராது, அது வேறு.

ஐ.டி. ஊழியர், 31 வயது: தாமதமாகிவிட்டதா?

இல்லை. பைதான் தெரியுமா? அப்படியானால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 என்ற பழைய வானிலைத் தரவு 1940லிருந்து இலவசம், நம் வானிலைத் துறையின் கட்டவாரி மழைத் தரவு 1901லிருந்து இருக்கிறது. டவுன்லோடு செய்து உங்கள் மாவட்டத்தின் பெருமழை நாட்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் அலுக்கவில்லை என்றால் அப்புறம் வேலையை விடுவது பற்றி யோசிக்கலாம்.

பள்ளி மாணவன்: புயலுக்குள்ள ஃபிளைட்ல போவீங்களா?

அமெரிக்காவில் போவார்கள். நம் ஊரில் வழக்கமாக அப்படிப் பறக்கும் விமானம் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் விதத்தை வைத்தே காற்றின் வேகத்தைக் கணிக்கிறார்கள். நான் நாற்காலியில்தான் பறக்கிறேன்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: புயல் வந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவீர்கள்தானே?

யாரும் நேராகக் கேட்பதில்லை, நீங்கள் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், ரேடார் படத்தில் புயலின் கண் துலங்கி வரும்போது மனசு துள்ளும். 2016இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது துள்ளியது. 2023 டிசம்பரில் துள்ளவில்லை. திரையில் சிவப்பாக இருந்த இடத்தில் என் அத்தை வீடு. போன் போகவில்லை. இரண்டு நாள் கழித்து அத்தை பேசியபோது, “நீ இதத்தானே படிச்சே, முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்றாள். அந்த மழையைப் பற்றி இப்போது கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

தந்தை, மன்னார்குடி: ஏழாவது படிக்கும் பையன் வீட்டில் மழை அளக்க ஆசைப்படுகிறான். செய்யலாமா?

தாராளமாக. வாயும் அடியும் ஒரே அகலத்தில் உள்ள பாத்திரம் போதும். மொட்டை மாடியைவிடத் திறந்த தரை நல்லது. மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வைக்கட்டும். தினமும் காலை 8:30க்கு ஸ்கேலை விட்டு மி.மீ.யில் அளந்து கொட்டிவிட வேண்டும், நாடு முழுக்க அந்த நேரம்தான். மழை இல்லாத நாளிலும் மறக்காமல் 0 என்று எழுதச் சொல்லுங்கள். வெற்றாக விட்டால், அன்று மழை பெய்யவில்லையா, பையன் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தானா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.