தேசியக் குழாமில் பெயர் இல்லை, பாடசாலையை மாற்றலாமா?

சாதாரண தரப் பெறுபேறு வந்து, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று முடிவெடுக்கும் நேரம். கொழும்பிலிருந்து ஒரு தாயும் தந்தையும் மகனோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். பெறுபேற்றில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கவலை வேறு: 18 வயதுக்குட்பட்டோர் இலங்கை ரக்பிக் குழாமுக்கான தெரிவில் மகனின் பெயர் வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ரக்பிக்குப் பேர்போன பெரிய பாடசாலைக்கு மாற்றுங்கள், நாட்டின் ஜேர்சி கிடைத்தால் பல்கலைக்கழகமும் தானாகக் கிடைக்கும் என்கிறார் மாமா. லண்டனில் இருக்கும் பெரியப்பா, போதும் இந்த விளையாட்டு, கணிதப் பிரிவில் போட்டு எஞ்சினியர் ஆக்குங்கள் என்கிறார். அப்பா தனிப் பயிற்சியாளருக்கும் ஜிம்முக்கும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். மகனுக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். வர்த்தகப் பிரிவு என்றான். தாய் ஆச்சரியத்தோடு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த வருடம் கட்டாயம் எடுப்பார்கள், மனம் தளர வேண்டாம்” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் பெற்றோர் வேறு பலரும் உண்டு.

முதலில் தெரிவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் மகன் ஹூக்கர், அதாவது இரண்டு அணிகளும் குனிந்து தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நடுவில் நிற்பவன். ஒரு போட்டிக்கான அணியில் 23 பேர்: 15 பேர் இறங்குவார்கள், 8 பேர் வெளியே காத்திருப்பார்கள். அந்த 23 பேரில் ஹூக்கருக்கு வழக்கமாக இரண்டே இரண்டு இடம். கொழும்பிலும் கண்டியிலும் ரக்பி ஆடும் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு ஹூக்கர் இருக்கிறான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன் காத்திருக்கிறான். பின்வரிசைப் பையன் என்றால் இரண்டு மூன்று இடங்களுக்குப் பொருந்துவான், தெரிவாளர்களுக்கும் வசதி. முன்வரிசை அப்படியல்ல. பயிற்சி இல்லாதவனை அங்கே நிறுத்தினால் கழுத்துக்கு ஆபத்து என்பதால் விதியே அனுமதிக்காது. ஆக, அவன் போட்டி போட்டது மிகக் குறுகிய வாசலில்.

அடுத்தது லைன்அவுட்: பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனால், அதை மீண்டும் உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடரும் முறை. ஹூக்கரின் மதிப்பு பெரும்பாலும் பந்து எறிவதில்தான் எடைபோடப்படும். அது தனி ஆளின் வித்தை இல்லை. எறிபவன், குதிப்பவன், தூக்குபவர்கள் என்று எல்லாருக்கும் நேரம் ஒன்றாக விழ வேண்டும். மாதக்கணக்கில் சேர்ந்து பழகினால்தான் விழும். தெரிவுப் போட்டியில் முன்பின் தெரியாத ஒருவனுக்கு எறியச் சொல்வார்கள். பெரிய பாடசாலைப் பையன்களுக்கு அங்கேயும் தங்கள் அணியில் குதித்துப் பந்து பிடிக்கும் லொக்கே கிடைத்துவிடும் வாய்ப்பு அதிகம். தெரிவாளர்கள் அநியாயம் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குறைந்த நேரத்தில் நிறையப் பேரைப் பார்க்கும்போது, ஏற்கனவே பழகிய ஜோடி கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அவ்வளவுதான்.

பிறந்த மாதத்தையும் மறக்கக் கூடாது. வயதுப் பிரிவுகளை வழக்கமாக ஜனவரி 1ஐ வைத்தே கணக்கிடுகிறார்கள். உங்கள் மகன் நவம்பரில் பிறந்தவன். அதே பிரிவில் ஜனவரியில் பிறந்தவன் அவனைவிடப் பத்து மாதம் மூத்தவன். வளரும் வயதில் பத்து மாதம் என்பது எத்தனை கிலோ என்று எந்தத் தாயிடமும் கேட்டுப் பார்க்கலாம். வருடத்தின் முற்பகுதியில் பிறந்தவர்கள் வயதுப் பிரிவு அணிகளில் அதிகமாக இருப்பதைப் பல நாடுகளில், பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முன்வரிசையில் எடைக்கு இருக்கும் மரியாதையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியே அடுத்த வருடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜேர்சிக்கு மாமா சொல்லும் விலை உண்டா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, படிப்புக்கு வெளியே சிறந்து விளங்கியவர்களுக்கு விசேட ஏற்பாட்டில் இடம் கொடுப்பது உண்மை. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. எல்லா விளையாட்டுகளிலும் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களோடு அங்கே போட்டி. உயர்தரத்தில் தேவையான சித்தி இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. உயர்தர வகுப்பை விட்டுவிட்டு ஜேர்சியைத் துரத்துபவன், ஜேர்சி திறக்கும் என்று நம்பிய அதே கதவைத் தன் கையாலேயே மூடுகிறான். பொலிஸ், தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலையே கொடுக்கின்றன, அது மரியாதையான வழி. அந்த வேலை வேண்டுமா என்று மகனிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2023இல் உலக ரக்பி அமைப்பு, நிர்வாகக் குழப்பங்களைக் காரணம் காட்டி இலங்கையை இடைநிறுத்தியது. அந்த நேரத்தில் நாட்டின் ஜேர்சிக்காக உழைத்துக்கொண்டிருந்த பையன்கள் என்ன தவறு செய்தார்கள்? அவர்கள் கையில் இல்லாத ஒன்று அவர்களுடைய வருடத்தைத் தின்றது. இப்படிப்பட்ட ஒன்றை நம்பி ஒரு குடும்பம் சேமிப்பை உடைக்கக் கூடாது.

காசு விஷயத்தில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். பாடசாலை மாற்றம் வேண்டாம். நன்கொடை, புதிய சீருடை, வான் கட்டணம், புதிய ஆசிரியர்கள், புதிய நண்பர்கள் என்று எல்லாம் போக, அந்தப் பாடசாலையிலும் ஏற்கனவே ஒரு ஹூக்கர் இருப்பான். தனிப் பயிற்சியாளர் வேண்டாம். கடையில் டின்னில் விற்கும் புரோட்டீன் மாவும், ஜிம்மில் யாரோ ஒரு அண்ணன் ‘ஒன்றும் செய்யாது’ என்று நீட்டும் குளிசையும் அறவே வேண்டாம். ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் பாடசாலை வீரர்களையும் பரிசோதிக்கிறது. ஸ்டெரொய்ட் அகப்பட்டால் வழக்கமான தடை நான்கு வருடம். “எனக்குத் தெரியாது, டின்னில் போடவில்லை” என்பது அங்கே எடுபடாது. முட்டை, பருப்பு, மீன் இருக்கும் வீட்டில் டின் எதற்கு?

பெரியப்பாவுக்கும் ஒரு வார்த்தை. கணிதத்தில் ஏ எடுத்தவன் எல்லாம் கணிதப் பிரிவுக்குத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இணைந்த கணிதத்தை விருப்பமில்லாமல் தொடங்கி, இரண்டாம் தடவையும் எழுதி, மூன்றாம் தடவைக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் என்னிடம்தான் வருகிறார்கள். மகன் கணக்கீடும் பொருளியலும் படிக்க ஆசைப்படுகிறான், காரணமும் தெளிவாகச் சொல்கிறான். வர்த்தகப் பிரிவு முடித்து எங்கெல்லாம் போகலாம் என்று உங்களுக்கே தெரியும், அதை நான் எழுதத் தேவையில்லை. பிரிவு விஷயம் இதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நிறைய எழுத விரும்புவது வேறொன்றைப் பற்றி. பேச்சுக்கிடையில், கடைசி ஆட்டத்தில் தன் அணிக்கு எதிராகக் கொடுத்த ஒரு பெனால்டி சரிதான் என்று மகன் சொன்னான். எப்படி என்று கேட்டேன். என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைக் கீழே விழுந்த வீரனாக வைத்தான், பேனாக்களை இரண்டு அணிகளாக அடுக்கினான். டெக்கிள் செய்தவன், அதாவது பிடித்து விழுத்தியவன், ஆளை விட்டு உருள வேண்டும். பந்து வைத்திருந்தவன் உடனே பந்தை விட வேண்டும். அடுத்து வருபவன் பின்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், காலில் நிற்க வேண்டும். “எங்கட பிளாங்கர் பக்கவாட்டில வந்தவர் சேர்” என்று, ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் பிளாங்கராக ஒரு பேனாவைச் சாய்த்துக் காட்டினான். அப்பா அந்தப் பெனால்டிக்காக அன்று நடுவரைத் திட்டித் தீர்த்தவராம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

இந்தப் பையன் நடுவராக வேண்டியவன். நம் வீடுகளில் யாரும் இதை ஒரு வழியாகவே நினைப்பதில்லை. மைதானத்தில் திட்டு வாங்குவதற்கென்றே ஒரு ஆள் என்றுதான் நினைக்கிறோம்.

தொடங்குவதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். உலக ரக்பி அமைப்பின் இணையதளத்தில் விளையாட்டு விதிகள், பாதுகாப்பான ஆட்டம், மூளை அதிர்வைக் கையாள்வது எல்லாவற்றுக்கும் ஒன்லைன் பாடங்கள் உண்டு. முடித்தால் சான்றிதழ் வரும், காசு இல்லை. அதன் பிறகு நேரடிப் பயிற்சி: போட்டி நடுவர்களுக்கான முதலாம் நிலைப் பாடநெறி. இலங்கையில் ரக்பி நடுவர்களுக்கென்று தனிச் சங்கமே இருக்கிறது, புதியவர்கள் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். சின்ன வயதுப் பிரிவு ஆட்டங்களிலும் சிநேகபூர்வ ஆட்டங்களிலும் தொடங்கி, கோட்டோரம் கொடி பிடித்து, மெல்ல மெல்ல மேலே போகும் வேலை இது. வாங்க வேண்டியது ஒரு விசில், ஒரு கைக்கடிகாரம், மஞ்சள் சிவப்பு அட்டை. பூட்ஸ் ஏற்கனவே இருக்கிறது.

ஓட்டம் வேண்டும், அது அவனிடம் இருக்கிறது. நடுவர்களின் உடற்தகுதிக்குப் பல நாடுகளில் ‘பிரொங்கோ’ என்றொரு ஓட்டம் வைப்பார்கள்: 20 மீற்றர் போய்வந்து, 40 போய்வந்து, 60 போய்வர வேண்டும், இதை ஐந்து தடவை, நிற்காமல். மொத்தம் 1,200 மீற்றர். முன்வரிசைப் பையனுக்கு முதலில் நாக்குத் தள்ளும். ஆனால் எடை கூட்ட டின் மாவு தின்பதைவிட இது உடம்புக்கு நல்லது.

அவனுக்கு இருக்கும் உண்மையான அனுகூலம் வேறு. ஸ்க்ரம் சரியும்போது யார் சரித்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் நடுவருக்குப் பெரிய தலையிடி. வெளியிலிருந்து பார்த்தால் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் ஒரே குவியல். முன்வரிசையில் நின்று பழகியவனுக்குத்தான் ஹூக்கரின் இரு பக்கமும் நிற்கும் ப்ரொப்களில் எவனுடைய முழங்கை கீழே இறங்கியது, யாருடைய இடுப்பு உள்ளே திரும்பியது என்று தெரியும். 19 வயதுக்குட்பட்ட ஆட்டத்தில் ஸ்க்ரம்மை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது, ஒவ்வொரு பாதியும் 35 நிமிடம்தான் என்று தனி விதிகளும் உண்டு. தன் கழுத்தை அங்கே வைத்துப் பார்த்தவன், சின்னப் பையன்களின் கழுத்துக்கு அதை ஒழுங்காக அமல்படுத்துவான்.

“இதில் எங்கே போய்ச் சேரலாம்?” என்று அப்பா கேட்டார், நியாயமான கேள்வி. வேல்ஸ் நாட்டு நைஜல் ஓவன்ஸ் பாடசாலை அணிக்கு ஆடும்போது, வென்று கொடுத்திருக்க வேண்டிய ஒரு எளிய உதையைத் தவறவிட்டவர். நீ போய் நடுவர் வேலை பாரேன் என்று ஆசிரியர் சொன்னதிலிருந்து அவர் வழி தொடங்கியது. 2015 உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்கு விசில் ஊதியவர் அவர். நாடுகளுக்கிடையிலான நூறு டெஸ்ட் போட்டிகளுக்கு நடுவராக இருந்த முதல் ஆளும் அவரே. இங்கிலாந்தின் வெய்ன் பார்ன்ஸ் 15 வயதில் நடுவராகத் தொடங்கினார். சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். 2023 இறுதிப் போட்டி அவருடையது. படிப்பும் தொழிலும் ஒரு கையில், விசில் இன்னொரு கையில். பெரியப்பாவுக்கு இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள், லண்டனில் இருப்பவருக்குப் பெயர் தெரிந்திருக்கும்.

உங்கள் மகன் உலகக் கிண்ணம் போவான் என்று இதற்கு அர்த்தமில்லை. இலங்கையில் நடுவர் வேலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இங்கே விசில் ஊதுபவர்கள் பொதுவாக வேறு தொழில் செய்பவர்கள். நான் சொல்வது, வாசல் எப்படிப்பட்டது என்பதைத்தான். ஹூக்கர் இடம் இரண்டு. நடுவருக்கோ, சின்னவர்களின் பயிற்சி ஆட்டம் முதல் கழக ஆட்டம் வரை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். எந்த மாதத்தில் பிறந்தாய், எத்தனை கிலோ என்று யாரும் கேட்கப்போவதில்லை. முப்பது வயதில் ஆட்டக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, நடுவருக்கு அது நல்ல வயது. வேலைக்கு நேர்முகம் போகும்போதும், கோபத்தில் நிற்கும் முப்பது பேர் நடுவே ஒரு நொடியில் முடிவு சொல்லி, அதற்குக் காரணமும் சொல்லத் தெரிந்த இளைஞன் தனியாகத் தெரிவான்.

கஷ்டமும் சொல்லிவிடுகிறேன். திட்டுவார்கள். பெற்றோர்கள்தான் அதிகம் திட்டுவார்கள். முதல் சில ஆட்டங்களுக்கு அப்பா கூடப் போங்கள், ஆனால் கோட்டுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். உங்கள் மகனுக்கு எதிராக இன்னொரு அப்பா கத்தும்போது பதிலுக்குக் கத்தக் கூடாது. அது அவனைத்தான் அவமானப்படுத்தும்.

தன் பாடசாலைக்கு ஆடுவதை அவன் விட வேண்டியதில்லை. ஆடட்டும். அடுத்த தெரிவுக்கு அழைத்தால் போகட்டும், வந்தால் வரட்டும். அதற்காக ஒரு ரூபாய்கூட மேலதிகமாகச் செலவழிக்காதீர்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வந்தால், டொக்டர் சொல்லும்வரை ஆட்டமும் இல்லை, விசிலும் இல்லை. இதில் பயிற்றுநர் என்ன சொன்னாலும் நீங்கள் அசையக் கூடாது.

இந்தக் கிழமை வர்த்தகப் பிரிவுக்கான படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். விதிகள் பாடத்தை அவன் ஒன்லைனில் முடிக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவும் முடித்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை கணக்கீட்டு வகுப்பு காலையில் என்றால் ஆட்டம் மாலையில்; இரண்டும் மோதினால் வகுப்புதான். உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய நான்கு மாதம் விசில் அலமாரிக்குள். இந்த நிபந்தனையை மகன் என் முன்னாலேயே ஒத்துக்கொண்டான். பாடசாலை மாற்றத்துக்கென்று எடுத்து வைத்த காசை வங்கியில் திருப்பிப் போட்டுவிடுங்கள், உயர்தரத்துக்குப் பிறகு தேவைப்படும்.