நேபாளத்தில் வருடம் முழுக்கக் குளிருமா? எந்த மாதம் போகலாம்?

வருடம் முழுக்கக் குளிரும் என்று நம்பி ஸ்வெட்டராக அடுக்கிக்கொண்டு மே மாதம் சித்வன் போய் இறங்கினால் வெந்துவிடுவீர்கள். இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் கோடையில் 40 டிகிரி சாதாரணம். அதனால் எந்த மாதம் என்பதற்கு முன்னால், எவ்வளவு உயரத்துக்குப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும்.

அப்புறம், மலைக்கு எந்தப் பக்கம் என்பது. அன்னபூர்ணாவுக்குத் தெற்கே இருக்கும் போக்ராவில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஜோம்சோமில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மேகமெல்லாம் இந்தப் பக்கமே காலியாகிவிடும். அங்கே தொல்லை காற்றுதான். வெயில் ஏற ஏற மேட்டுநிலம் சூடாகி, காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியாகக் கீழேயிருந்து காற்றை இழுக்கும். முற்பகல் தாண்டினால் வாயைத் திறக்க முடியாது, பல்லில் மணல் கடிபடும். விமானங்கள் காலையிலேயே வந்து போய்விடுவதும் இதனால்தான்.

காத்மாண்டில் ஜனவரி இரவுகள் 2, 3 டிகிரிக்கு இறங்கும். ஆனால் பனி பெய்வது அபூர்வம். 2007 பிப்ரவரியில் பெய்தது 63 வருடங்களுக்குப் பிறகு. பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் வசதி கிடையாது. வெளியே வெயில் அடிக்கும்போதும் அறைக்குள் விறைக்கும். அதனால் பகலில் பாதி ஊர் மொட்டைமாடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்.

என்னைக் கேட்டால் அக்டோபர் பாதிக்கு மேல், நவம்பர். மழை தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும், சிகரங்கள் பளிச்சென்று தெரியும். ஆனால் அக்டோபர் வங்கக்கடலின் புயல் காலமும்கூட. 2014இல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட், இரண்டு நாளில் அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாகி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மலையேறப் போகிறவர்கள் நம் ஊர்ப் புயல் செய்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச், ஏப்ரலில் காடெல்லாம் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். ஆனால் புகைமூட்டத்தில் சிகரங்கள் பல நாள் தெரியாது.

ஜூலையில்தான் லீவு கிடைக்கும் என்றால், ஜோம்சோம் இருக்கும் முஸ்தாங் மாவட்டத்துக்குப் போங்கள், அங்கேதான் மழை குறைவு. ஆனால் போக்ராவில் விமானம் ரத்தாகும், வழியில் மண்சரிவு இருக்கும். கையில் ரெண்டு மூணு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு ரிட்டர்ன் டிக்கெட் போடுங்கள்.