மிரட்டலை முளையிலேயே கவனிக்க

கேள்வி: பணியிட வன்முறைத் தடுப்புப் பயிற்சியை ஊழியர்கள், மேற்பார்வையாளர்கள் எல்லோருக்கும் சேர்த்தே நடத்தலாமா?

பதில்: எது மிரட்டல், யாரிடம் சொல்வது, எந்த வழியாக வெளியேறுவது என்ற அடிப்படையைச் சேர்த்தே நடத்துங்கள். மேற்பார்வையாளர்களுக்குத் தனி வகுப்பும் கட்டாயம் வேண்டும். 'ஏதோ கோபத்தில் சொல்லியிருப்பார்' என்று அவர்கள் புகாரைத் தட்டிக்கழிக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குறுக்கிடாமல் கேட்பது, மிரட்டிய வார்த்தைகளை அப்படியே தேதி, நேரம், சாட்சியுடன் அன்றே எழுதி வைப்பது, புகார் தந்தவர் பழிவாங்கப்படாமல் காப்பது ஆகியவற்றை நடித்துப் பழக்குங்கள். வெறும் படக்காட்சி போதாது.

கொதித்து நிற்பவரிடம் இரண்டு கை நீளம் விலகி, சற்றுப் பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த குரலில் பேச வேண்டும். அவர் வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது. நம் வழியும் அடைபடக் கூடாது. 'அமைதியாக இரு' என்ற அதட்டல் கோபத்தைக் கூட்டும். ஆயுதம் தெரிந்தால் பேச்சே வேண்டாம், உடனே விலகி உதவிக்கு அழையுங்கள்.