ரிசர்வ் வங்கி அரசின் கடன் பத்திரங்களை வாங்கினால் சாதாரண மக்களுக்கு என்ன ஆகும்?

கேட்டவர் மாதச் சம்பளக்காரராக இருக்க வேண்டும். டெபாசிட் வட்டியில் காலம் தள்ளுகிறவருக்கு இந்தச் சந்தேகமே வராது, பதில் பாஸ்புக்கிலேயே இருக்கும்.

எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். பால் வெட்ட ஆள் கிடைக்காமல் ரப்பர் விளையை விற்று, பணத்தை எஃப்டியில் போட்டிருந்தேன். 2021-ல் புதுப்பிக்கப் போனால், ஏழு சொச்சம் இருந்த வட்டி ஐந்தரைக்குக் கீழே கிடக்கிறது. "எல்லா பேங்கிலயும் இதுதான் சார்" என்றார் மேனேஜர். பொய்யில்லை. கொரோனாவில், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போவை, 4 சதவீதத்துக்கு இறக்கியிருந்த ரிசர்வ் வங்கி, அந்த ஏப்ரலில் ஜி-சாப் என்று ஒன்றை அறிவித்தது. நிதியாண்டின் முதல் காலாண்டில் 1 லட்சம் கோடி, அடுத்ததில் 1.2 லட்சம் கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்குவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இத்தனை பெரிய கை வாங்கினால் பத்திர விலை ஏறும்; பத்திரம் தரும் வட்டித் தொகை மாறாது என்பதால், கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும் வருமான விகிதம் இறங்கும். அரசுக்குக் கடன் மலிவு. பத்திரத்தை விற்ற வங்கிகளிடம் பணம் குவிந்து கிடக்கும்போது என் டெபாசிட்டுக்கு எதற்கு அதிக வட்டி?

அதே வருஷம் தங்கச்சி மகன் தக்கலையில் வீடு கட்ட லோன் எடுத்தான். "இனி இந்த வட்டிக்குக் கிடைக்காது மாமா" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். நான் என்ன சொல்ல?

"அப்படியானால் நோட்டு அடித்து அரசுக்குக் கொடுக்கிறார்கள்" என்று சிலர் கிளம்புவார்கள். முன்பு அரசு கேட்டபோதெல்லாம் ரிசர்வ் வங்கி குறுகிய காலப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு பணம் தந்தது உண்மை. அதை 1997-ல் நிறுத்தினார்கள். அரசு வெளியிடும் பத்திரத்தை நேரடியாக வாங்க, சில விதிவிலக்குகள் தவிர, 2006 ஏப்ரல் முதல் சட்டப்படி தடை. சந்தையில் வாங்கலாம், அதைத்தான் செய்தார்கள். சுற்றிக் கொடுத்தாலும் ஒன்றுதானே என்றால், அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. வேண்டும்போது திருப்பி விற்றுப் பணத்தை உறிஞ்சவும் முடியும் என்பது வித்தியாசம்.

2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம். எல்லாம் ஜி-சாப்பால் என்று நான் சொல்லவில்லை, உக்ரைன் போர் இருந்தது, எண்ணெய் விலை இருந்தது. பொருளாதாரம் படித்தவர்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். ஐந்து சொச்சம் வட்டி வாங்கியவனுக்குக் கைநஷ்டம் என்று சொல்லப் பட்டம் தேவையில்லை.

அப்புறம், அன்றைக்கு எஃப்டி போடப் போன என்னிடம் இன்சூரன்ஸ் பாலிசியைத் தள்ளிவிடப் பார்த்தார்களே, அதற்கும் ரிசர்வ் வங்கி பத்திரம் வாங்கியதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த வயசான அம்மா, டெபாசிட் என்று நினைத்தே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.