சென்னைல இருந்து குடும்பத்தோட தீவு டூர் போகணும்னா எங்க போகலாம், சாப்பாடு ஒத்துக்குமா?

ஆறு நாள் லீவு இருக்கு, கூட வயசான அம்மாவும் எட்டு வயசுப் பையனும் வர்றாங்க, அந்தமானா லட்சத்தீவா மாலத்தீவா, வாய்க்கு ருசியா சாப்பாடு கிடைக்குமானு கேட்டிருக்கீங்க. எனக்கு வீடு பெரம்பூர்ல. அந்தமானுக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன், 2017-ல ஒரு தடவை, அப்புறம் 2023 பிப்ரவரில அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒரு தடவை. மொத தடவை போனது வெறும் அலைச்சல், ரெண்டாவது தடவை போனதை இன்னிக்கும் வீட்ல பேசிக்கிட்டே இருக்கோம், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொன்னா உங்களுக்கு உபயோகமா இருக்கும்னு நினைக்கிறேன்.

நேரா பதில் சொல்லணும்னா, அந்தமான் போங்க, நீல் தீவுல மூணு ராத்திரி தங்குங்க.

லட்சத்தீவு ரொம்ப அழகுதான், ஆனா அதுக்கு பெர்மிட் வாங்கணும், இங்க இருந்து கொச்சி போய் அங்க இருந்து போகணும், ஆறு நாள்ல ரெண்டு நாள் அதுலயே போயிடும். மாலத்தீவுக்கு வீட்ல எல்லாருக்கும் பாஸ்போர்ட் வேணும், ரிசார்ட்டுக்குள்ளயே இருக்கணும்னா காசும் நிறைய ஆகும். அந்தமானுக்கு சென்னைல காலைல ஃப்ளைட் ஏறினா ரெண்டே கால் மணி நேரத்துல இறங்கிடலாம், ஆதார் கார்டு போதும். கப்பல்லயும் போகலாம், நம்ம ஹார்பர்ல இருந்தே போகுது, ஆனா அது கிட்டத்தட்ட மூணு நாள், ஆறு நாள் லீவுக்கு சரிப்படாது.

மொத தடவை என்ன ஆச்சுன்னா, ஒரு டிராவல்ஸ்ல நாலு ராத்திரி பேக்கேஜ் போட்டோம். லிஸ்ட்ல பதினோரு இடம் இருந்துச்சு, பார்க்கவே சந்தோஷமா இருந்துச்சு. போன பிறகுதான் தெரிஞ்சுது, காலைல நாலரைக்கு எழுப்பி வேன்ல ஏத்துறது, படகு, மறுபடி வேன், மறுபடி படகு. நீல் தீவுக்கு ஒதுக்குனது மொத்தமே மூணு மணி நேரம். அங்க கடலோரமா கல்லே பாலம் மாதிரி வளைஞ்சு நிக்கற இடம் ஒண்ணு இருக்கு, இயற்கைப் பாலம்னு சொல்வாங்க, அங்க இருக்கறவங்க ஹவுரா பிரிட்ஜ்னும் சொல்வாங்க. நாங்க போய் சேர்ந்தப்ப தண்ணி ஏறி நின்னுச்சு, பாறைக்குப் பக்கத்துலயே போக முடியல, தூரத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு திரும்பிட்டோம். தண்ணி வத்துற நேரத்துல போனாதான் அங்க பார்க்க முடியும்னு அந்த டிராவல்ஸ்ல ஒருத்தரும் சொல்லல, அதான் எனக்கு இன்னிக்கும் கோவம். சென்னைல இருக்கற நமக்கு இது தோணாது பாருங்க, மெரினால கடல் ஏறி இறங்கறது சுமார் ஒரு மீட்டர்தான், மணல்ல நிக்கறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. அந்தமான்ல அமாவாசை பௌர்ணமி ஒட்டி அதுல ரெண்டு மடங்கு கிட்ட ஏறி இறங்கும், காலைல முழங்கால் தண்ணி இருந்த இடத்துல மத்தியானம் படகு ஓடும். அதனால எந்த பீச்சுக்கு எத்தனை மணிக்கு போகணும்ங்கறதை கடல்தான் முடிவு பண்ணும், வேன்காரர் முடிவு பண்ண முடியாது. அந்தந்த நாளுக்கு தண்ணி ஏறுற நேரம் இறங்குற நேரம் எல்லாம் நெட்ல இருக்கு, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே பார்த்து எழுதி வச்சுக்கோங்க.

2023-ல நாங்களே பிளான் பண்ணோம். மொத்தம் ஆறு ராத்திரி, போர்ட் பிளேர்ல ஒண்ணு, நீல்ல மூணு, ஹேவ்லாக்னு பக்கத்துத் தீவுல ஒண்ணு, மறுபடி போர்ட் பிளேர்ல ஒண்ணு. ஊர் பேரெல்லாம் மாறியிருக்கு, குழம்பிடாதீங்க, 2018-ல ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவ் ஆச்சு, நீல் ஷாஹீத் தீவ் ஆச்சு, 2024-ல போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிடுச்சு, ஆனா பழைய பேர் சொன்னாலும் புரிஞ்சுக்குவாங்க.

போர்ட் பிளேர்ல பாஷைக் கவலையே வேணாம். அபர்டீன் பஜார்ல நடந்தா பாதிக் கடைல தமிழ் காதுல விழும், இட்லி தோசை பொங்கல் எல்லாம் கிடைக்கும், வெற்றிமலை முருகன் கோயில் இருக்கு. எங்களுக்கு வந்த டிரைவர் அண்ணனோட தாத்தா காலத்துலயே ராமநாதபுரத்துல இருந்து கப்பல்ல வந்தவங்களாம். அவர் சிப்பிகாட் பக்கமா வண்டியை நிறுத்தி, "இதெல்லாம் வயலுங்கம்மா"னு காட்டினாரு. பார்த்தா ஏரி மாதிரி தண்ணி, நடுவுல பட்டுப்போன மரம் மரமா நிக்குது. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு நிலநடுக்கத்துல அந்தப் பக்கம் தரையே ஒரு மீட்டர் கிட்ட கீழ இறங்கிடுச்சு, கடல் உள்ள வந்தது திரும்பிப் போகவே இல்ல. எங்க அம்மா ராயபுரத்துல பொறந்து வளர்ந்தவங்க, அந்த ஞாயித்துக்கிழமை அவங்க சொந்தத்துலயும் இழப்பு உண்டு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம அந்த மரங்களையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, நாங்களும் அவசரப்படுத்தல.

செல்லுலார் ஜெயிலை விட்டுடாதீங்க. 1896-ல கட்ட ஆரம்பிச்சு 1906-ல முடிச்சாங்க, நடுவுல ஒரு கோபுரம், அதுல இருந்து சக்கரத்துல ஆரம் மாதிரி ஏழு கட்டடம், இப்ப மூணுதான் மிச்சம். ஒரு கட்டடத்தோட முகப்பு அடுத்த கட்டடத்தோட முதுகைப் பார்த்து இருக்கும், ஒரு கைதி இன்னொரு கைதி முகத்தைப் பார்க்கவே கூடாதுன்னு கட்டினது. அங்க கைதிங்க இழுத்த செக்கு வச்சிருக்காங்க. கோயம்புத்தூர் ஜெயில்ல வ.உ.சி. இழுத்த கதையை ஸ்கூல் புக்ல படிச்ச என் பொண்ணு அதைத் தொட்டுப் பார்த்துட்டு, "இதையா ஆயா மனுஷங்க இழுத்தாங்க?"னு கேட்டா, அம்மா அவ கையை புடிச்சுக்கிட்டாங்க. வெயில் தாழ போங்க, பெரியவங்களுக்கு படி ஏற முடியலைன்னா கீழ்த்தளத்துலயே நிறைய பார்க்கலாம்.

இப்ப நீல் தீவுக்கு வர்றேன், இங்கதான் நான் நிறைய சொல்லணும். போர்ட் பிளேர்ல இருந்து தனியார் படகு ஒன்றரை மணி நேரம் கிட்ட, ஏசி, ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல ஆகும், கவர்மென்ட் படகும் உண்டு, அது மெதுவா போகும் ஆனா மேல் தட்டுல நின்னுக்கிட்டு காத்து வாங்கிக்கிட்டே போகலாம். கடல் ஆட்டம் ஒத்துக்காதவங்களுக்கு டாக்டர்கிட்ட கேட்டு வாந்தி மாத்திரை வாங்கி வச்சுக்கோங்க, படகு ஏறறதுக்கு முன்னாடியே போடணும், ஏறின பிறகு போட்டு பிரயோஜனம் இல்ல.

தீவு ரொம்ப சின்னது, சைக்கிள்லயே ஒரு நாள்ல சுத்திடலாம். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர், ராம்நகர்னு ஊர் பேரெல்லாம் ராமாயணம், அம்மாவுக்கு அதுலயே பாதி சந்தோஷம். சீதாபூர்ல சூரியன் உதிக்கும், லக்ஷ்மண்பூர்ல மறையும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, கடிகாரம் நம்மளோடதுதான் ஆனா அந்தமான் கிழக்குல ரொம்ப தள்ளி இருக்கறதால சூரியன் சென்னையை விட முக்கா மணி நேரத்துக்கு மேல முன்னாடியே வந்துட்டு முன்னாடியே போயிடும். பிப்ரவரில அஞ்சரைக்கெல்லாம் அஸ்தமனம் முடிஞ்சுது, ஆறு மணிக்கு போய்க்கலாம்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தா இருட்டைத்தான் பார்க்கணும்.

நாங்க போனது பௌர்ணமி முடிஞ்சு மூணாவது நாள், அன்னிக்கு தண்ணி வத்துற நேரம் காலைல ஆறரை. அஞ்சே முக்காலுக்கே கிளம்பி அந்தப் பாலத்துக்கு போனோம். 2017-ல தண்ணி நின்ன இடம் முழுக்க பாறை, பாறை நடுவுல குட்டை குட்டையா தண்ணி, ஒவ்வொரு குட்டைலயும் ஒரு தனிக் கடல் மாதிரி. கூட வந்த அந்த ஊர்ப் பையன் குனிஞ்சு காட்டிக்கிட்டே போறான், கடல் அட்டை கறுப்பா தடியா மணலை தின்னுக்கிட்டு கிடக்கு, நட்சத்திர மீன் ஒண்ணு, அப்புறம் பாறை இடுக்குல பெரிய சிப்பி, வாய் லேசா தெறந்திருக்கு, உதடு மட்டும் மயில் கழுத்து நீலம், என் பொண்ணோட நிழல் பட்டதும் டப்புனு மூடிக்கிச்சு. அவ திரும்பத் திரும்ப கொஞ்சம் தள்ளி நின்னுட்டு அது தெறக்கற வரைக்கும் காத்திருந்தா, கால் மணி நேரம் அந்த ஒரு சிப்பி கூடயே. பாறை வழுக்கும், நல்ல பிடிப்பு இருக்கற செருப்பு போடுங்க, அம்மாவை நாங்க மேட்டுலயே ஒரு நிழல்ல உக்கார வச்சுட்டோம். அவங்களுக்காக மறுநாள் பரத்பூர்ல கண்ணாடி போட்ட படகுல போனோம், உக்காந்த இடத்துலயே கீழ பவளமும் மீனும் தெரியும்.

சாப்பாடு. நீல், ஹேவ்லாக் ரெண்டுலயும் இருக்கறவங்க பெரும்பாலும் வங்காளிங்க, பிரிவினைக்கு அப்புறம் கிழக்கு பாகிஸ்தான்ல இருந்து வந்த குடும்பங்களுக்கு அங்க நிலம் குடுத்து குடியமர்த்தினாங்க. அதனால அங்க "உள்ளூர் சாப்பாடு"ன்னா சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, மீன், எல்லாம் கடுகெண்ணெய்ல. நீல்ல வயலும் காய்கறித் தோட்டமும் நிறைய, கத்திரிக்கா பூசணி கீரைன்னு பறிச்சு அன்னிக்கே சமைக்கறாங்க.

நாங்க மூணு நாளும் சாப்பிட்டது ஒரே கடைலதான். பஜார் தாண்டி தகரக் கூரை போட்ட வீடு, முன்னாடி நாலு மேஜை. மொத நாள் அந்தக்கா ஒரு தாம்பாளத்துல மீனைக் கொண்டு வந்து எது வேணும்னு காட்டினாங்க. எங்க அம்மா சும்மா இருப்பாங்களா, காசிமேட்டுல அறுபது வருஷம் மீன் வாங்கின கை. செவுளைத் தூக்கிப் பார்த்தாங்க, வயித்தை ஒரு விரலால அமுக்கினாங்க, ரெண்டு மீனை ஒதுக்கிட்டு ஒரு பாறை மீனை எடுத்து, "ஏம்மா, இதான் காலைல புடிச்சது, இதைப் போடு"ன்னாங்க தமிழ்ல. அந்தக்காவுக்கு தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. அந்தக்கா சிரிச்சுக்கிட்டே "மாஷி"ன்னு சொல்லி அம்மா கையைப் புடிச்சு நேரா அடுப்படிக்கு கூட்டிக்கிட்டு போயிட்டாங்க. மாஷின்னா அவங்க பாஷைல பெரியம்மா சித்தி மாதிரி.

நான் வாசப்படில நின்னு பார்த்தேன். அம்மிக்கல்லுல கடுகும் பச்சமிளகாவும் உப்பும் வச்சு அரைக்கறாங்க, நம்ம அம்மி மாதிரிதான், குழவி மட்டும் சின்னது. உப்பு போட்டு அரைச்சா கடுகு கசக்காதாம். மீன்ல மஞ்சத்தூள் தடவி லேசா வறுத்து எடுத்துட்டு, அதே எண்ணெய்ல கருஞ்சீரகம் தாளிச்சு, அரைச்சதைக் கரைச்சு ஊத்தி, ஒரே கொதி, மீனைப் போட்டு மூடிட்டாங்க. புளி கிடையாது, தேங்கா கிடையாது, வெங்காயம் தக்காளி ஒண்ணும் கிடையாது. மொத வாய்க்கு கடுகு மூக்குல ஏறும், ரெண்டாவது வாய்ல மீனோட இனிப்பு தெரியும். அம்மா சோத்துல பிசைஞ்சு ஒரு வாய் வச்சுட்டு எதுவும் சொல்லல, இன்னொரு கரண்டி குழம்பு ஊத்திக்கிட்டாங்க, எங்க வீட்ல அதுக்கு மேல பாராட்டு கிடையாது. மறுநாள் அம்மா அந்த அடுப்புல புளிக்குழம்பு வச்சு அவங்களுக்கு குடுத்தாங்க, போறப்ப எப்பவும் கொண்டுபோற குழம்பு மிளகாத்தூள் பையில இருந்துச்சு.

கடுகெண்ணெய் வாசனை ஒத்துக்காதவங்களுக்கு, முன்னாடியே சொன்னா வேற எண்ணெய்ல வறுத்துத் தருவாங்க. உங்க பையனுக்கு சோறும் பருப்பும் பப்படமும் போதும், பருப்புல அஞ்சு சாமான் தாளிப்பாங்க, வெந்தயம் சோம்பு சீரகம் கடுகு கருஞ்சீரகம், வாசனையே தூக்கும். சைவம்னாலும் கஷ்டம் இல்ல.

ஹேவ்லாக்ல ராதாநகர் பீச் ஒண்ணே போதும். பெரிய பெரிய மரம் மணல் வரைக்கும் வந்து நிக்கும், அப்புறம் வெள்ளை மணல், அப்புறம் கடல், சாயங்காலம் மூணரைக்கு போய் உக்காந்துடுங்க. முதலை எச்சரிக்கை போர்டு இருக்கற இடத்துல காலே வைக்காதீங்க, உப்புத்தண்ணி முதலை அங்க நிஜமாவே இருக்கு, குழந்தைங்களை கைல புடிச்சுக்கோங்க.

பாராடாங் டூர்னு ஒண்ணு எல்லாரும் விப்பாங்க, சுண்ணாம்புக் குகையும் சேத்து எரிமலையும் பார்க்கலாம்தான், ஆனா அந்த ரோடு ஜாரவாங்கற பழங்குடி மக்களோட காட்டுக்குள்ள போகுது. போட்டோ எடுக்கக்கூடாது, வண்டி நிறுத்தக்கூடாதுன்னு சட்டம் இருந்தும் வேன்ல எட்டிப் பார்க்கறதுக்குன்னே போறவங்க இருக்காங்க. அவங்க வீட்டு வாசல் வழியா நாம ஊர்வலம் போறது எனக்கு மனசுக்கு ஒப்பல, நாங்க போகல, நீங்களும் யோசிச்சுக்கோங்க.

அப்புறம் பையன் சிப்பி பவளம்னு பொறுக்கி பையில போட்டுக்கப் பாப்பான், செத்த பவளமா இருந்தாலும் எடுத்துட்டு வரக்கூடாது, வனவிலங்குச் சட்டப்படி குத்தம், ஏர்போர்ட்ல பையை பார்ப்பாங்க.

ஜனவரில இருந்து ஏப்ரலுக்குள்ள போங்க, மே நடுவுலயே மழையும் காத்தும் ஆரம்பிச்சுடும், கடல் மோசமான நாள்ல படகை நிறுத்திடுவாங்க. எப்ப போனாலும் கடைசி ராத்திரி போர்ட் பிளேர்ல இருக்கற மாதிரி வச்சுக்கோங்க, படகு கேன்சல் ஆனாலும் ஃப்ளைட்டை விட மாட்டீங்க.

நீல்ல இருந்து கிளம்பறப்ப அம்மா மிச்ச மிளகாத்தூளை அந்தக்கா கிட்டயே குடுத்துட்டாங்க, அவங்க ஒரு காகிதத்துல கருஞ்சீரகம் மடிச்சுக் குடுத்தாங்க. இப்ப பெரம்பூர்ல பாறை மீன் வாங்கற அன்னிக்கு ரெண்டு சட்டி அடுப்புல ஏறுது, ஒண்ணு புளி, ஒண்ணு கடுகு.